எண்பது ஆண்டுக் கணக்கும் எல்லைப் போர்களும்

கோபிசெட்டிபாளையத்தில் வரலாறு இறுதியாண்டு படிக்கும் தம்பி ஒருவர், தம் ஆய்வுக் கட்டுரைக்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். ஒவ்வொரு நாடும் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரும் நெருக்கடிக்குள் விழும் என்று தலைமுறைச் சுழற்சிக் கோட்பாடு சொல்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் பிரிந்தது 1947-இல், அதோடு எண்பதைக் கூட்டினால் 2027 வருகிறது. அப்படியானால் அண்டை நாடுகளுக்கிடையே போர் எப்போது மூளும் என்பதை இந்தக் கோட்பாட்டைக் கொண்டு சொல்லிவிட முடியுமா என்பது அவருடைய கேள்வி.

தம்பி, முடியாது. ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கோட்பாட்டில் தள்ள வேண்டியது எது, வைத்துக்கொள்ள வேண்டியது எது என்று எனக்குப் பட்டதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

கோட்பாட்டை இன்றைய வடிவில் முன்வைத்தவர்கள் வில்லியம் ஸ்ட்ராஸ், நீல் ஹோவ் என்ற இரு அமெரிக்கர்கள். 1990-களில் அவர்கள் எழுதியதன் சாரம் இதுதான்: ஒரு நீண்ட மனித ஆயுளின் அளவுள்ள ஒரு சுற்று, அதற்குள் ஏறத்தாழ இருபதிருபது ஆண்டுகளாக நான்கு பருவங்கள். முதலில் நெருக்கடியைக் கடந்த சமூகம் கட்டுக்கோப்பாக நிற்கும் காலம். பிறகு அந்தக் கட்டுக்கோப்பை எதிர்த்து இளைஞர் எழும் காலம். அடுத்து அமைப்புகளின் மேல் நம்பிக்கை தளரும் காலம். கடைசியில் மறுபடியும் நெருக்கடி. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 1776, உள்நாட்டுப் போர் 1861, பேர்ல் துறைமுகத் தாக்குதல் 1941 என்று வரிசைப்படுத்தினால் இடைவெளி 85 ஆண்டும் 80 ஆண்டுமாக வருவது உண்மைதான். பழைய நெருக்கடியை நேரில் பட்டவர்கள் கண்மூடும்போது, அதைக் கதையாக மட்டுமே கேட்டவர்கள் ஆட்சிக்கு வருகிறார்கள், ஆகவே பழைய தவறு புதிதாக நடக்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். இதில் ஒரு சிறு குறிப்பு: உள்நாட்டுப் போரின் சுற்றில், பருவத்துக்கொன்றாக அவர்கள் வகுத்த நான்கு தலைமுறை வகைகளுள் ஒன்று வராமலே போய்விட்டது என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எந்த நாட்டை அளந்து தைத்தார்களோ அந்த நாட்டுக்கே சட்டையில் ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

சுழற்சி என்ற எண்ணம் நமக்குப் புதிதன்று. அறுபது ஆண்டுச் சுற்றுக்குப் பெயர் வைத்து வாழ்கிறவர்கள் நாம். எங்கள் ஆத்தா, அவருடைய பாட்டி சொன்னதாக, தாது வருசத்துப் பஞ்சத்தைப் பற்றிச் சொல்வார். கற்றாழைக் கிழங்கைத் தோண்டி வேகவைத்துத் தின்றார்கள் என்பார். கோவை, சேலம் மாவட்டங்களை வாட்டியெடுத்த அந்தப் பஞ்சம் 1876-இல் தொடங்கியது. தாது ஆண்டு அதன்பின் 1936-இலும் 1996-இலும் திரும்பி வந்தது. பெயர் வந்தது, பஞ்சம் வரவில்லை. 1996-இல் திருப்பூரில் பனியன் ஏற்றுமதி அமோகமாக நடந்துகொண்டிருந்தது. ஆண்டுகளைச் சுற்றில் வைத்து எண்ணுவது நினைவில் வைத்துக்கொள்ள நல்ல வழி. எண்ணிய காரணத்தாலேயே நிகழ்ச்சி திரும்பி வரும் என்று எதிர்பார்ப்பதில்தான் வழுக்கல் இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். ஸ்ட்ராஸும் ஹோவும் எழுதியது ஒரே ஒரு சமூகத்தின் உள்மனநிலையைப் பற்றி. அண்டை நாட்டுப் போருக்கோ இரண்டு பேர் வேண்டும். இரண்டு நாடுகளின் தலைமுறைக் கடிகாரங்களும் ஒரே மணியைக் காட்ட வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. காட்டாதபோது யாருடைய கடிகாரத்தைப் பார்த்துப் போரைக் கணிப்பது? இந்த வகையில், அறுநூறு ஆண்டுகளுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இப்னு கல்தூன் இவர்களைவிடத் தெளிவாகச் சிந்தித்தார் என்பேன். ஓர் அரச மரபின் ஆயுள் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு நாற்பது ஆண்டு என்று அவரும் கணக்குச் சொன்னார். ஆனால் அவருடைய கணக்கில் எப்போதும் இரண்டு தரப்பு உண்டு: நகரத்துச் சுகத்தில் இளகிப்போன ஆளும் குடி ஒன்று, எல்லைக்கு அப்பால் வறண்ட நிலத்தில் ஒற்றுமை குலையாமல் காத்திருக்கும் குடி ஒன்று. ஒன்றின் தளர்ச்சியும் மற்றதன் இறுக்கமும் சேரும்போதுதான் அங்கே போர் வருகிறது.

இரண்டு கடிகாரச் சிக்கலுக்கு 1979 நல்ல எடுத்துக்காட்டு. 1940-களின் நடுவிலிருந்து 1975 வரை பிரான்சோடும் அமெரிக்காவோடும் போரிட்டு ஓய்ந்த வியட்நாமைவிடப் போரின் வலியை அறிந்த நாடு அன்று உலகில் அரிது. கோட்பாட்டின்படி அது கட்டுக்கோப்பும் களைப்புமாக வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை, 1978 டிசம்பர் கடைசியில் கம்போடியாவுக்குள் படையை அனுப்பியது. அடுத்த பிப்ரவரி 17-ஆம் நாள், கலாச்சாரப் புரட்சியின் குழப்பத்திலிருந்து அப்போதுதான் எழுந்திருந்த சீனா, வியட்நாமின் வட எல்லையைத் தாக்கியது. அந்தச் சண்டையை விளங்கிக்கொள்ள யார் எந்த ஆண்டில் பிறந்தார் என்று தேடுவதைவிட, மாஸ்கோவோடு, அதாவது சோவியத் ஒன்றியத்தோடு, யார் கைகோத்திருந்தார் என்று பார்ப்பது மேல்.

அடுத்து, நினைவு. போரை அனுபவித்தவன் போரை வெறுப்பான் என்ற நம்பிக்கைதான் கோட்பாட்டின் அச்சாணி. அமெரிக்க அறிஞர் குவின்சி ரைட்டும் 1942-இல் ஏறத்தாழ இதையே சொன்னார்: களத்தில் நின்றவன் தன் மகனைப் போருக்கு எதிராக வளர்க்கிறான், பேரன் காலத்திலோ அது வீரக்கதையாகிவிடுகிறது, ஆகவே ஐம்பது ஆண்டுக்கொரு முறை பெரும் போர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரான்சையும் ஜெர்மனியையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1871-இல் முடிந்த போருக்கும் 1914-க்கும் இடையே 43 ஆண்டு. 1918-க்கும் 1939-க்கும் இடையே வெறும் 21 ஆண்டு. முதல் இடைவெளி பேரன் கதைக்கு ஓரளவு பொருந்தும். இரண்டாவதைப் பொருத்தவே முடியாது, ஏனென்றால் 1938-இல் மியூனிக் மாநாட்டு மேசையின் ஒருபுறம் அமர்ந்த ஹிட்லரும் மறுபுறம் அமர்ந்த பிரெஞ்சுப் பிரதமர் தலாதியேவும் முதல் உலகப் போரில் மேற்கு முனையில் சிப்பாய்களாக நின்றவர்கள். ஒரே சேறு, ஒரே குண்டு மழை. ஒருவர் கற்றது எப்படியாவது இன்னொரு போரைத் தவிர்க்க வேண்டும் என்பது. மற்றவர் கற்றது பழி தீர்க்க வேண்டும் என்பது. நினைவு தானாக எந்தப் பாடத்தையும் சொல்லித் தருவதில்லை. வென்றவன் நினைவு வேறு, தோற்றவன் நினைவு வேறு என்ற எளிய வேறுபாட்டைக்கூடக் கோட்பாடு கணக்கில் எடுக்கவில்லை.

நம் துணைக்கண்டத்திலும் இதையே பார்க்கலாம். 1965 போரில், நம் தரைப்படையின் முதல் இந்தியத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற கே. எம். கரியப்பாவின் மகன், விமானப் படை விமானி, சுட்டு வீழ்த்தப்பட்டுப் பாகிஸ்தானிடம் சிறைப்பட்டார். அந்நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அயூப் கான், பிரிவினைக்கு முன் கரியப்பாவின் கீழ் பணியாற்றியவர். மகனை விடுவிக்கட்டுமா என்று கேட்டனுப்பினார். அங்கே சிறையில் இருக்கும் எல்லாரும் என் பிள்ளைகளே என்று கரியப்பா அந்தச் சலுகையை மறுத்துவிட்டார். ஒரே உணவுக் கூடத்தில் சாப்பிட்ட தலைமுறை அது. அந்தப் பழக்கம் கைதிகளைக் கண்ணியமாக நடத்தியிருக்கலாம், போரைத் தடுக்கவில்லை. மறுபக்கம் 1999-ஐப் பாருங்கள். கார்கில் திட்டத்தின் மூளையாக இருந்த பாகிஸ்தான் படைத் தலைவர் முஷாரப், 1943-இல் டெல்லியில் பிறந்து, பிரிவினையில் குழந்தையாக எல்லை கடந்து, 1965, 1971 என இரண்டு போரிலும் படையில் இருந்தவர். மறந்துபோன தலைமுறை என்று அவரைச் சொல்ல வழியே இல்லை. அதே மனிதர்தான் சில ஆண்டுகள் கழித்துக் காஷ்மீர் பற்றி டெல்லியோடு திரைமறைவில் பேச்சும் நடத்தினார். எகிப்தும் இஸ்ரேலும் 1948, 1956, 1967, 1973 என 25 ஆண்டுகளுக்குள் நான்கு முறை மோதின. 1979-இல் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்ட எகிப்தின் சதாத்தும் இஸ்ரேலின் பெகினும் அந்தப் போர்களின் காலத்திலேயே வாழ்ந்து முதிர்ந்தவர்கள். யாரும் செத்து, யாரும் பிறந்து, தலைமுறை மாறக் காத்திருக்கவில்லை.

நினைவு எப்படிக் கைமாறுகிறது, எப்படிக் கைமாறாமல் போகிறது என்பதற்கு எங்கள் சாளையிலேயே, தோட்டத்து வீட்டிலேயே, ஒரு சான்று உண்டு. என் பெரியப்பா 1965-இல் இருபத்தோரு வயதுச் சிப்பாய். ஊருக்குத் திரும்பித் தோட்டம் பார்த்த காலம் முழுவதும் போரைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. அவருடைய டிரங்குப் பெட்டி அட்டாலியில் பூட்டியபடியே கிடந்தது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். சூலூர் விமானப் படைத் தளத்து விமானம் தாழப் பறந்தால், கையிலிருந்த மண்வெட்டியை நிறுத்திவிட்டு, வானத்தைப் பார்க்கமாட்டார். பக்கத்தில் எங்கே வாய்க்கால் பள்ளம் இருக்கிறது என்று பார்ப்பார். 2025 மே மாதம், ஆபரேஷன் சிந்தூர் நடந்த நாட்களில், அவருடைய பேரன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். எண்பதைத் தாண்டிய பெரியப்பா கயிற்றுக் கட்டிலில் இருந்தபடி, "அத ஆப் பண்ணிப் போட்டு, ஆட்டப் புடிச்சுக் கட்டு கண்ணு" என்றார். பையன் எழுந்து போய் ஆட்டைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடியும் தொலைக்காட்சியைப் போட்டான். பெரியவர் உயிரோடுதான் இருந்தார், நினைவும் உயிரோடுதான் இருந்தது. அது பேரனை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே போரைக் கண்டவர்கள் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணுவதில் பெரிய பயன் இல்லை. அவர்கள் என்ன சொன்னார்கள், யார் கேட்டார்கள் என்பதே விசாரிக்கத் தக்கது.

கொங்கு நாட்டுப் பிள்ளையாகிய உங்களுக்கு வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் நடந்த நான்கு போர்கள் 1767, 1780, 1790, 1799 ஆகிய ஆண்டுகளில் தொடங்கின. 1767-இல் சத்தியமங்கலத்தில் பிறந்த ஒரு குழந்தை தன் முப்பத்திரண்டு வயதுக்குள் நான்கையும் பார்த்திருக்கும். மூன்றாம் போரில் மட்டும் எடுத்துக்கொண்டால், 1790 ஜூலையில் கோயம்புத்தூர் கும்பினியாரின், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின், கைக்கு வந்தது. செப்டம்பரில் கஜல்ஹட்டிக் கணவாய் வழியாக இறங்கிய திப்புவின் படை சத்தியமங்கலத்தில் அவர்களை எதிர்கொண்டது. 1791 நவம்பரில் கோயம்புத்தூர்க் கோட்டை மறுபடியும் மைசூர் வசமானது. தலைமுறைச் சக்கரம் இவ்வளவு வேகமாகச் சுற்றுமா? மைசூர் மேட்டிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வாசல் கஜல்ஹட்டி. சமவெளியிலிருந்து மலையாளக் கரைக்குப் போகும் வாசல் பாலக்காட்டுக் கணவாய். இரண்டு வாசலுக்கும் நடுவில் முற்றம்போல் கிடந்தது நம் ஊர். முற்றத்தில் நிற்பவன் மிதிபடுகிறான். 1650-களில் திருமலை நாயக்கரின் மதுரைமீது மைசூர்ப்படை, எதிரிகளின் மூக்கை அறுத்ததால் பெயர்பெற்ற மூக்கறுப்புப் போருக்கு இறங்கியதும் சத்தியமங்கலத்துப் பக்கம்தான்.

1799 மே மாதத்தில் திப்புவின் தலைநகர் சீரங்கப்பட்டணம் விழுந்தது. அதன்பின் தீரன் சின்னமலை காவிரிக் கரையிலும் ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் போராடி, 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். ஆடிப் பதினெட்டு வந்தால் இன்றும் அவரைக் கும்பிடாத ஊர் இங்கே குறைவு. அதற்குப் பிறகு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எந்த அண்டை நாட்டுப் படையும் இந்த மண்ணில் நடக்கவில்லை. கொங்கு மக்களின் மனநிலை திடீரென்று மாறியதாலா? எல்லைக்கோடு இங்கிருந்து எழுந்து போய்விட்டது. இரண்டு பக்கமும் ஒரே ஆட்சி வந்தபின் மலைப்பாதையில் லாரிதான் இறங்குகிறது.

எல்லை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டே லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயரை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். வானிலையைக் கணிதத்தால் முன்னறிய முடியும் என்று முதலில் முயன்றவர்களுள் ஒருவர். போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் சமயத்தவர், ஆகவே முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். பிற்காலத்தில் 1820 முதல் தம் காலம் வரை உலகில் நடந்த போர்களையெல்லாம் திரட்டி, அவை எந்த இடைவெளியில் தொடங்கின என்று எண்ணினார். அவருக்குக் கிடைத்தது சுழற்சி ஒன்றுமில்லை. தாயக்கட்டையை உருட்டினால் எப்படித் தாயம் விழுமோ அப்படி, சில சமயம் அடுத்தடுத்தும் சில சமயம் நெடுநேரம் விழாமலும், தற்செயல் நிகழ்வுகளுக்குரிய பரவலோடு போர்கள் தொடங்கியிருந்தன. தாயம் மூன்று முறை தொடர்ந்து விழுந்தால் அதில் ஒரு கணக்கு இருப்பதாக விளையாடுகிறவர்களுக்குத் தோன்றும் அல்லவா, போர்களின் ஆண்டுப் பட்டியலைப் பார்க்கும்போதும் நம் கண் அதையே செய்கிறது. அவர் கண்ட இன்னொன்று உங்கள் கட்டுரைக்கு நேரடியாகப் பயன்படும்: எந்த நாட்டுக்கு எல்லைகள் அதிகமோ அந்த நாடு ஈடுபட்ட போர்களும் அதிகமாக இருந்தன. இதைத் தேடப்போய் எல்லைகளின் நீளத்தையும் அளந்து பார்த்தவர், ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலான ஒரே எல்லையை ஒரு நாடு 987 கிலோமீட்டர் என்றும் மற்றது 1,214 கிலோமீட்டர் என்றும் குறித்திருப்பதைக் கண்டார். அளவுகோல் சிறிதாகச் சிறிதாக வளைவுகள் கூடி நீளமும் கூடும் என்ற விளக்கம் பின்னால் கணிதத்தில் ஒரு தனித் துறைக்கே வித்தாயிற்று. அது வேறு கதை.

போர்களுக்குக் காலக்கணக்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. இருக்கும் கணக்குகள் வேறு இடத்திலிருந்து வருகின்றன. கார்கில் ஊடுருவல் மே மாதத்தில் வெளிப்பட்டதற்குக் காரணம் பனி. 1971 போர் டிசம்பர்வரை தள்ளிப்போனதற்குக் கிழக்கே மழைவெள்ளம் வடியவேண்டியிருந்ததும், வடக்கே இமயக் கணவாய்கள் பனியில் மூடினால் சீனா வர முடியாது என்பதும் காரணங்கள். இன்னொரு வகைக் கணக்கு காகிதத்தில் எழுதப்பட்டிருக்கும். 1924 காவிரி ஒப்பந்தத்தில் ஐம்பது ஆண்டு கழித்து மறுபரிசீலனை என்று ஒரு விதி இருந்தது. 1974 நெருங்கியதும் தகராறு முற்றியது. பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில் முப்பது ஆண்டுக்கொரு முறை மறுஆய்வு என்று இருக்கிறது. ஐம்பதும் முப்பதும் தலைமுறைக் கணக்குபோலவே தோன்றும். எழுதிய கை யாருடையது என்று பார்த்தால் ஒரு பொறியாளரோ செயலாளரோ தென்படுவார்.

எங்கள் ஊரில் இரண்டு பங்காளி வீட்டாருக்கு இடையில் ஓர் இட்டேரி. இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலம். தாத்தாக்கள் காலத்தில் வேலி ஒரு முழம் நகர்ந்துவிட்டது என்று கோர்ட்டுக்குப் போய், காட்டில் பாதியை வக்கீலுக்குக் கொடுத்துவிட்டு ஓய்ந்தார்கள். மகன்கள் நாற்பது ஆண்டு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு ஒருவர் போய்வந்து ஒழுங்காக இருந்தார்கள். பேரன்கள் காலத்தில் மறுபடி கோர்ட். ஸ்ட்ராஸும் ஹோவும் பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த இன்னொரு செய்தி, அந்த ஆண்டுதான் பக்கத்தில் புறவழிச்சாலைக்குக் கல் நட்டார்கள். ஏக்கர் விலைக்கு விற்ற நிலம் சென்ட் விலைக்குப் போயிற்று. அதே ஊரில் சாலைக்கு எதிர்ப்புறம், இதே போன்ற பழைய பகையுள்ள இன்னும் இரண்டு வீட்டார் இருக்கிறார்கள். அங்கே நிலத்துக்கு விலை ஏறவில்லை, பேரன்களும் கோர்ட் வாசலை மிதிக்கவில்லை. அதற்காகத் தலைமுறைக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்லமாட்டேன். வக்கீலுக்குப் பணம் கட்டிக் கையைச் சுட்டுக்கொண்ட தாத்தா திண்ணையில் இருந்திருந்தால், விலை ஏறினாலும் பையன்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசித்திருப்பார்கள். பற்றவைப்பது விலை, தண்ணீர்க்குடத்தோடு நிற்க ஆள் இல்லாமல் போவதுதான் தலைமுறையின் பங்கு. கோட்பாட்டில் எனக்கு மிஞ்சுவது இவ்வளவே.

இந்த அளவில் வைத்துப் பார்த்தால் சில போர்கள் விளங்குகின்றன. ஆர்மீனியாவும் அஜர்பைஜானும் 1994-இல் சண்டை நிறுத்தம் செய்துகொண்டு, 2020 செப்டம்பரில் மறுபடி முழுப் போரில் இறங்கின. இடையில் 26 ஆண்டுகள். சண்டைக்குக் காரணமான நகோர்னோ கராபாக்கிலிருந்தும் சுற்றுப்பகுதிகளிலிருந்தும் வெளியேறிய அஜர்பைஜான் குடும்பங்களின் குழந்தைகள் ஆளாகும் காலம். பார்த்தே இராத ஊரைத் தன் ஊர் என்று சொல்லி வளர்ந்த பிள்ளைகள் படையில் சேர்ந்தார்கள் என்பதில் தலைமுறைக்கு இடமுண்டு. ஆனால் அந்த 26 ஆண்டுகளில்தான் காஸ்பியன் எண்ணெய்ப் பணம் அஜர்பைஜானுக்குள் கொட்டியது, அந்தப் பணத்தில் துருக்கி டிரோன்கள் வந்தன. டிரோன் வருவதற்கு முன்பும் ஊர் ஏக்கம் இருந்தது. 44 நாளில் முடிந்த போரை ஏக்கம் மட்டும் நடத்தவில்லை.

சுழற்சி நின்றுபோன இடங்களையும் நீங்கள் கட்டுரையில் சேர்க்க வேண்டும், ஏனென்றால் கோட்பாட்டுக்காரர்கள் அவற்றைப் பேசுவதே இல்லை. டென்மார்க்கும் ஸ்வீடனும் முந்நூறு ஆண்டுகள் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்ட அண்டை நாடுகள். 1814-க்குப் பிறகு ஒரு போர்கூட இல்லை, 2000-இல் நடுக்கடலில் பாலம் கட்டிக்கொண்டார்கள். பிரான்சும் ஜெர்மனியும் எழுபத்தைந்து ஆண்டுக்குள் மூன்று போர் நடத்திவிட்டு, 1951-இல் நிலக்கரியையும் எஃகையும் பொது நிர்வாகத்தில் வைத்தன. குண்டு செய்யும் மூலப்பொருளை இருவர் கையிலும் பூட்டிய ஏற்பாடு அது. 1963-இல் எலிசே நட்புறவு உடன்படிக்கையைத் தொடர்ந்து, இரு நாட்டு இளைஞர்களையும் ஒருவர் ஊருக்கு ஒருவரை அனுப்பிப் பழகவிட ஒரு தனி அலுவலகமே தொடங்கினார்கள். 2006-இல் இரு நாட்டு உயர்நிலைப் பள்ளிகளும் பயன்படுத்தத்தக்க ஒரே வரலாற்றுப் பாடநூல் இரு மொழியிலும் வெளியானது. பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் இந்தச் செய்தி என்னைக் கொஞ்சம் அதிகமாகவே பாதித்தது. ஒரே போரை இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே பக்கத்தில் படிப்பதென்றால், ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தரப்பு ஆசிரியர்களும் எவ்வளவு நேரம் உட்கார்ந்து வாதிட்டிருக்க வேண்டும்! சோழ பாண்டியப் போர்களை நடத்தும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். மூன்றாம் குலோத்துங்கன் மதுரையில் செய்ததற்குப் பழியாக, 1216-இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் சுந்தரபாண்டியன் தஞ்சையையும் உறையூரையும் எரித்தான்; எரித்ததை மெய்க்கீர்த்தியில் பெருமையாகப் பொறித்தும் வைத்தான். மெய்க்கீர்த்திதான் அந்தக் காலத்துப் பாடநூல், அதை இரண்டு தரப்பும் சேர்ந்து எழுதவில்லை.

உங்கள் 2027-க்கு வருகிறேன். எண்பதை எதிலிருந்து கூட்டுவது என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 1947 பஞ்சாபுக்கும் வங்காளத்துக்கும் எரிந்த வீடும் பிணம் சுமந்த ரயிலுமாக நினைவில் நிற்கிறது. எங்கள் ஆத்தாவிடம் சுதந்திரம் வந்த ஆண்டைப் பற்றிக் கேட்டால், ரேஷனில் அரிசிக்கு நின்றதையும் மண்ணெண்ணெய் கிடைக்காததையும்தான் சொல்வார். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே வயது, நினைவு ஒன்றில்லை. இந்தியத் தலைமுறை என்று ஒன்றை மொத்தமாக எண்ணி அதற்கு ஒரு மனநிலையை ஏற்றினால், லூதியானாக்காரரும் காங்கேயத்துக்காரரும் ஒரே கனவைக் கண்டதாகிவிடும். அத்தோடு, நடந்த போர்களின் இடைவெளி 18 ஆண்டு, 6 ஆண்டு, 28 ஆண்டு; எந்தச் சுற்றிலும் இவை அடங்கவில்லை. 1998 மே மாதத்தில் இரு நாடும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபின், மோதல்களின் அளவே வேறு கணக்குக்குப் போய்விட்டது. 1965, 1971, 1999 என மூன்று போரையும் தாண்டி நின்ற சிந்துநதி நீர் உடன்படிக்கை 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்கு மறுநாள், நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளைக் கணிக்க விரும்புகிறவர் பிறப்புக் கணக்கைவிட அந்த நதியின் கணக்கைப் பார்ப்பது பயன் தரும்.

கட்டுரைக்கு ஒரு வழி சொல்லி முடிக்கிறேன். ஒரு நோட்டில் போர்களின் ஆண்டை இடப்பக்கம் எழுதி, அந்தந்தப் போரில் முடிவெடுத்தவர்களின் பிறந்த ஆண்டை வலப்பக்கம் எழுதுங்கள். நேரு 1889, ஜின்னா 1876. சாஸ்திரி 1904, அயூப் கான் 1907. இந்திரா காந்தியும் யாஹ்யா கானும் ஒரே ஆண்டு, 1917. வாஜ்பாய் 1924, நவாஸ் ஷெரீப் 1949, முஷாரப் 1943. ஒவ்வொருவரும் இருபது வயதில் என்ன பார்த்தார், படையில் இருந்தாரா, இருந்தால் சண்டையைக் கண்டாரா என்று அடுத்த கட்டத்தில் குறியுங்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் மைக்கேல் ஹாரோவிட்ஸும் ஆலன் ஸ்டாமும் உலகத் தலைவர்களை இப்படி வரிசைப்படுத்திப் பார்த்தபோது, படையில் பணியாற்றியும் நேரடிச் சண்டையைக் காணாத தலைவர்களே மோதலைத் தொடங்குவதில் முந்தியிருந்தார்கள் என்று கண்டார்கள். முஷாரப் அந்த விதிக்குள் அடங்கமாட்டார், அதையும் மறைக்காமல் எழுதுங்கள். பிறகு உங்கள் ஊரைச் சுற்றி உள்ள முன்னாள் படைவீரர்கள் நாலைந்து பேரைப் போய்ப் பாருங்கள். போரில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அதைச் சொல்லவும் மாட்டார்கள். பிள்ளைகளிடம் அதைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கேளுங்கள். என் பெரியப்பாவிடம் கேட்க நினைத்தால் பொழுது சாய்வதற்குள் வாருங்கள். ஆடு கட்டும் நேரத்தில் அவர் பேசமாட்டார்.